அத்தை வைத்த சொட்டு

"போர்டு மூணுன்னு காட்டுது, லிஃப்ட் ஒண்ணுல நிக்குது. நீ எதை நம்புவ, மருமகளே?"

மாமா என்னிடம் இப்படிக் கேட்டபோது சமையலறை வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிப்போகும் அளவுக்கு வேர்த்திருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கேட்பது லிஃப்டைப் பற்றி இல்லை என்பது மட்டும் புரிந்தது.

இப்போது பதில் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி உண்மையில் என் அத்தைக்கானது. அதனால் முதலில் அத்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை, மாமாவின் மனைவி. ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப் செய்கிற கம்பெனியில் வேலை செய்கிறார். விரல் நுனியைக் குத்தி ஒரு துளி ரத்தத்தைத் தொட்டதும் மீட்டரில் எண் வருமே, அந்த ஸ்டிரிப். கம்பெனியில் அவருக்குச் 'சொட்டு' என்று பெயர். எனக்கு மூன்று அத்தைகள் என்பதால் வீட்டிலும் அந்தப் பெயர் வசதியாகப் போய்விட்டது. சொட்டு அத்தை என்றால்தான் எங்கள் வீட்டில் யார் என்று தெரியும்.

பெயருக்குக் காரணம் அவருடைய வேலை. பெரிய பிளாஸ்டிக் தாளில் மெல்லிய கரிக் கோடுகள் அச்சாகி அவர் முன்னால் வரும். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் எறும்பின் தலை அளவுக்கு ஒரு குழி. மெஷினின் ஊசிகள் வரிசையாக இறங்கிக் குழிக்கு ஒரு சொட்டு வைத்துவிட்டு மேலே போகும். அத்தை பூதக்கண்ணாடி வழியாக அந்தச் சொட்டுகளைப் பார்க்க வேண்டும். குழி முழுவதும் சமமாகப் படர்ந்திருந்தால் அடுத்த அறைக்குப் போகும். ஓரத்தில் வளையம் கட்டியிருந்தாலோ நடுவில் குமிழ் நின்றிருந்தாலோ அந்த வரிசையைக் கோடு போட்டுத் தள்ளிவிடுவார். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை இதுதான்.

அந்தச் சொட்டில் இருப்பது ஒரு புரதம். கம்பெனியில் என்சைம் என்பார்கள். சின்ன வயதில் நான் அது என்ன செய்யும் என்று கேட்டதற்கு அத்தை சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"ரத்தத்துல என்னென்னமோ ஓடுதுடி. பஸ் ஸ்டாண்டு கூட்டம் மாதிரி. இந்த என்சைம் என்ன பண்ணும்னா, அந்தக் கூட்டத்துல சர்க்கரையை மட்டும் தேடிக் கையைப் பிடிச்சு இழுக்கும். பிடிச்சதும் அதுகிட்டேருந்து துளி கரண்டைப் பிடுங்கி அந்தக் கரிக் கோட்டுல விட்டுடும். எத்தனை பேரைப் பிடிச்சுதோ அத்தனைக்கு கரண்ட். மீட்டர் அதைத்தான் நம்பராக் காட்டுது."

"வேற யாரையாவது பிடிச்சுட்டா?"

"பிடிக்காது. அதுக்குத் தன் ஆளைத் தெரியும்."

அத்தை இதைச் சொல்லும்போது ஒரு பெருமை இருக்கும். தன் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்ததைச் சொல்கிற மாதிரி. அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை.

சொட்டு அறையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். ஈரம் பட்டால் புரதம் கெட்டுவிடும். அதனால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு உதடு வெடித்துத் தொண்டை காயும். கையில் கிரீம் தடவக் கூடாது, முகத்தில் பவுடர் கூடாது. புரதக் கரைசல் இருக்கும் பாட்டிலைக் குலுக்கவே கூடாது. நுரைத்தால் புரதம் செத்துப்போய்விடும் என்பார்கள். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். அத்தைக்கு அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. வீட்டில் இருமல் மருந்தைக்கூட உருட்டித்தான் திறப்பார்.

"உங்க அத்தை ஒரு நாளாவது என்னை இப்படித் தாங்கியிருக்காளான்னு கேளு" என்பார் மாமா.

"நீங்க நுரைச்சாலும் சாகமாட்டீங்க" என்பார் அத்தை.

மாமா லிஃப்ட் மெக்கானிக். மாடி வீடுகளிலும் அலுவலகங்களிலும் லிஃப்ட் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "மனுஷங்களை மேல ஏத்தி கீழ இறக்குறவன் நான்" என்று சொல்லிக்கொள்வார். சர்க்கரை நோய் வந்த பிறகு அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். "இப்ப என் ரத்தமும் அந்த வேலையைக் கத்துக்கிச்சு."

நோய் பல வருடம் இருந்து கடைசியில் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் படுப்பதற்குப் பதிலாக வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ் அவருக்குக் கொடுத்தார்கள். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்திருந்தார்கள். பையில் இருக்கும் நீரை அதன் வழியாக வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, கழிவோடு வெளியே எடுக்க வேண்டும். படுக்கை அறையின் ஜன்னல் பாதி மறையும் வரை நீர்ப்பைகளின் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். பையை மாட்டுவதற்கு ஒரு பழைய லிஃப்டின் இரும்புத் துண்டை வளைத்து மாமாவே கொக்கி செய்து சுவரில் அடித்திருந்தார். எல்லாம் அத்தை வேலை செய்யும் கம்பெனி தரும் மருத்துவ உதவியில் நடந்தது. இந்த விஷயம் பின்னால் வரும்.

மாமாவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. திருட்டுத்தனமாக இனிப்புத் தின்பார். டூல் பாக்ஸில் கிரீஸ் டப்பாவுக்கு அடியில் கிரீம் பிஸ்கட் இருக்கும். வாயைத் துடைத்துக்கொண்டு ஒன்றுமே சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்வார். அத்தை பேசாமல் அவர் விரலைக் குத்தி ஸ்டிரிப்பில் வைப்பார். எண் வந்ததும் மீட்டரை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"உங்க வாய் பொய் சொல்லும். என் ஸ்டிரிப் சொல்லாது."

அந்த வீட்டில் எந்த வழக்கானாலும் தீர்ப்பு இதுதான். மாமா அதோடு வாயை மூடிக்கொள்வார், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் ஸ்டிரிப் சொன்னதுதான் உண்மை.

ஸ்டிரிப்பை அத்தை கடையில் வாங்கியதில்லை. வெட்டும்போது ஓரம் சற்றுக் கோணலாகிவிட்டவை, மேலே அச்சு மங்கிப்போனவை எல்லாம் கழிசலில் போகும். அவற்றில் மருந்து சரியாகத்தான் இருக்கும், பார்க்கத்தான் அழகாக இருக்காது. வேலை செய்கிறவர்கள் அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போவார்கள். எடுக்கக் கூடாது என்று விதி உண்டு. எடுக்கும் நேரத்தில் சூப்பர்வைசருக்கு மேற்கூரையில் ஏதாவது பார்க்க வேண்டியிருக்கும். அத்தை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தோடு அவற்றைப் போட்டு எடுத்து வருவார். தெருவில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் கொடுப்பார். அட்டைப்பெட்டி கிடையாது, அதற்குள் வைக்கும் தாள் கிடையாது. அத்தைக்கு எதற்கு அதெல்லாம்? செய்கிறவரே அவர்தானே.

ஒரு சமயம் கம்பெனியில் புரதத்தை மாற்றினார்கள். பழைய புரதம் ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் கூடினாலும் குறைந்தாலும் தடுமாறும். புதியது ஆக்சிஜனைத் திரும்பிப் பார்க்காது. எறும்புக் கடி அளவு ரத்தம் போதும், எண் உடனே வரும். லேப் சார் என்று எல்லோரும் கூப்பிடும் விஞ்ஞானி சொட்டு அறைக்கு வந்து இதை விளக்கினாராம், இதற்கும் தன் ஆளைத் தெரியும் என்றும் சொன்னாராம். எல்லோரும் கை தட்டினார்களாம். அத்தை அன்று புது ஸ்டிரிப்போடு வந்து மாமாவின் விரலைக் குத்தி, மீட்டர் எவ்வளவு சீக்கிரம் எண் காட்டுகிறது என்று எங்களுக்குக் காட்டினார். மாமா விரலைச் சப்பிக்கொண்டே, "என் லிஃப்டை விட வேகம்" என்றார்.

புது ஸ்டிரிப்பும் சரியாகத்தான் இருந்தது. பிறகு சிறுநீரக டாக்டர் நீர்ப்பையை மாற்றினார்.

மாமாவின் காலில் நீர் கோத்துக்கொண்டே வந்தது. பழைய பையில் இருந்தது சர்க்கரைத் தண்ணீர். அது நீரைப் போதுமான அளவு இழுக்கவில்லை. அதனால் நாளொன்றுக்கு ஒரு முறை மட்டும் வேறு வகை நீரை விடச் சொன்னார். அதில் சர்க்கரைக்குப் பதிலாக மாவுச்சத்து போன்ற ஒரு பொருள் இருந்தது. கால் வீக்கம் வடிந்தது. மாமா தன் பழைய செருப்பை மறுபடி போட்டுக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தார்.

ஆனால் ஸ்டிரிப்பில் எண் ஏறிவிட்டது. அத்தை டூல் பாக்ஸைக் கொட்டினார். கிரீஸ் டப்பாவுக்கு அடியில் ஒன்றுமில்லை. சட்டைப் பை, அலமாரி, தண்ணீர் மோட்டாரின் மூடி எல்லாம் பார்த்தார்.

"எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"சத்தியமா இல்லம்மா. வயித்துலதான் குழாய் வச்சிருக்காங்களே, அது வழியா எட்டிப் பாத்துக்க."

"சிரிக்காதீங்க. எரியுது எனக்கு."

சர்க்கரை டாக்டர் வேறு ஆள், வேறு கட்டடத்தில் இருந்தார். அத்தை சொன்ன எண்களைக் கேட்டு இன்சுலின் அளவைக் கூட்டினார். அடுத்த முறை இன்னும் கூட்டினார். மாமாவுக்கு அடிக்கடி கை நடுங்கியது, கோபம் வந்தது, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்தது. அத்தை இதையெல்லாம் கிட்னி கோளாறு என்று நினைத்தார். ஒரு முறை மாமா, "சுகர் இறங்குற மாதிரி இருக்கு, கொஞ்சம் ஜீனி குடு" என்று கேட்க, அத்தை ஸ்டிரிப்பை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "நல்ல ஐடியா. இப்படியும் கேக்கலாம்னு எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

இனி அந்தப் பகல்.

அன்று அத்தைக்கு வார விடுமுறை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். சாப்பாட்டுக்கு முன் அத்தை வழக்கமான அளவு இன்சுலின் போட்டார். மாமா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து சமையலறைக்கு வந்தார். நடை ஒரு பக்கமாக இழுத்தது.

"டீ போடு. ஜீனி போட்டு."

"ஜீனியா? ஆசைதான்."

"உடம்பு கேக்குது. நிஜமாச் சொல்றேன்."

அத்தை அவரை உட்கார வைத்து விரலைக் குத்தினார். மீட்டரில் நூற்று அறுபத்து இரண்டு என்று வந்தது.

"பாருங்க. இதுல ஜீனி வேற வேணுமா உங்களுக்கு?"

மாமா மீட்டரைப் பார்க்கவில்லை. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். லிஃப்டில் சில சமயம் அப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருக்கிறார். மேலே எண் பலகையில் மூன்று என்று எரியும், பெட்டி முதல் மாடியிலேயே நிற்கும். பலகையை நம்பிக் கதவைத் திறந்து காலை வைத்தால் கீழே வெறும் பள்ளம்தான்.

"அவகிட்ட என்னத்தக் கேக்குறீங்க?" என்றார் அத்தை. "போர்டு நான் செஞ்சது. நான் சொல்றேன், மூணுலதான் நிக்குது."

மாமா அலமாரியைத் திறந்து ஜீனி டப்பாவை எடுக்கப் பார்த்தார். அத்தை டப்பாவைப் பிடுங்கி மேல் தட்டில் வைத்தார். முரட்டுத்தனமாக இல்லை. குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குகிற மாதிரிதான் வாங்கினார். மாமா கொஞ்ச நேரம் மேல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்ப் படுத்தார். அத்தை பாத்திரங்களைக் கழுவி முடித்துப் போய்ப் பார்த்தபோது எழுப்பியும் எழவில்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர் முதல் வேலையாக மாமாவின் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார். நூற்று நாற்பது சொச்சம். "சுகர் பிரச்சினை இல்ல. மூளையில ரத்தக்குழாய் அடைப்பா இருக்கலாம்" என்றார். அத்தை அவர் கையில் இருந்த ஸ்டிரிப்பைப் பார்த்து என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"நம்ம ஸ்டிரிப்தான்" என்றார் மெல்ல. அந்த நேரத்தில் அவருக்கு அதில் ஒரு தைரியம் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் மாமாவைத் தலை ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனார்கள். அதில் அடைப்பு எதுவும் தெரியவில்லை. இதற்கிடையில் நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தின் முடிவு லேபிலிருந்து வந்தது. பணியில் இருந்த இளம் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு வேகமாக எங்களிடம் வந்தார்.

"லேப்ல சுகர் முப்பத்தொண்ணு காட்டுது. ரொம்பக் கம்மி. வீட்ல ஏதாவது சாப்பிட்டாரா?"

"முப்பத்தொண்ணா? இருக்காது சார்."

"லேப் சொல்லுதும்மா."

"வீட்ல நான் பாத்தேன், நூத்தி அறுபது. ஆம்புலன்ஸ்ல பாத்தாங்க, நூத்தி நாப்பது. உங்க மெஷினைப் பாருங்க சார். நான் அந்த ஸ்டிரிப் செய்யிற இடத்துலதான் வேலை பாக்குறேன். அதுல மருந்து வைக்கிறதே நான்தான்."

டாக்டர் தயங்கினார். குழாயில் எடுத்த ரத்தம் ரொம்ப நேரம் காத்திருந்தால் அதில் உள்ள சர்க்கரை குறைந்துபோவது உண்டு. ஸ்கேனுக்குப் போய் வந்த நேரத்தில் அப்படி ஆகியிருக்கலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எதிரில் நிற்கும் பெண் வேறு அந்தத் தொழில் தெரிந்தவர். மறுபடி மாமாவின் விரலைக் குத்திப் பார்த்தார். அங்கேயும் அத்தை கம்பெனி ஸ்டிரிப்தான். நூற்று முப்பத்தெட்டு. லேபுக்குப் புது ரத்தம் அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார்.

இரண்டாவது முடிவு முதலாவதை விடக் குறைவாக வந்தது. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாமா கண் திறந்தார். ஆனால் முழுதாகத் திரும்பி வரவில்லை.

சர்க்கரை இல்லாமல் மூளை அதிக நேரம் தாங்காது. மாமா இப்போது நடப்பார், சாப்பிடுவார், பாட்டுக் கேட்பார். காலையில் சொன்னது மதியம் நினைவிருக்காது. லிஃப்டுக்குள் போனால் எல்லாப் பொத்தானையும் தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். அத்தையை நர்ஸ் என்று நினைக்கிறார். மரியாதையாக, "நர்சம்மா, என் வீட்டுக்காரி எப்ப வருவா?" என்று கேட்பார். "டியூட்டி முடிஞ்சு வந்துடுவாங்க" என்பார் அத்தை.

ஏன் இப்படி ஆயிற்று என்று ஆஸ்பத்திரியில் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. ஸ்டிரிப் பழையதாக இருக்கும் என்றார் ஒருவர். அத்தைக்கு அது கோபத்தைத்தான் கிளப்பியது. அவர் வேலைக்குத் திரும்பிய வாரம் கேன்டீனில் பதில் கிடைத்தது. அவரோடு சாப்பிட உட்காரும் ஒரு பெண் அட்டைப்பெட்டிப் பிரிவில் இருக்கிறார். அவரை டப்பா என்று கூப்பிடுவார்கள். அத்தை நடந்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். வயிற்று டயாலிசிஸ், புது நீர்ப்பை என்று வந்ததும் டப்பா கையில் இருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"அக்கா, அந்தத் தண்ணிப் பை போடுறவங்களுக்கு நம்ம புது ஸ்டிரிப் ஆகாதே."

"ஆகாதுன்னா?"

"தப்பா, கூடக் காட்டும். நாங்க ஒட்டுற பெட்டியில சிவப்புல போட்டிருக்குமே. உங்களுக்குச் சொல்லலையா?"

"பெட்டியை நான் எங்கடி பாத்தேன்?"

சொட்டு அறை ஒரு கட்டடம், அட்டைப்பெட்டிப் பிரிவு வேறு கட்டடம். கடையில் வாங்குகிறவர் கைக்கு அந்த எச்சரிக்கை போகும். அதைச் செய்கிறவர் கைக்குப் போகாது. சிறுநீரக டாக்டருக்கு அத்தை எந்த ஸ்டிரிப் வைத்திருக்கிறார் என்று தெரியாது. சர்க்கரை டாக்டருக்கு நீர்ப்பை மாறியது தெரியாது. ஆம்புலன்ஸில் பெட்டியைப் பிரித்து ஸ்டிரிப்பை மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆளுக்குப் பாதி தெரிந்திருந்தது. இரண்டு பாதியும் ஒன்றாக இருந்த ஒரே இடம் மாமாவின் உடம்பு. அது சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை.

அன்று மாலையே அத்தை லேப் சாரைப் போய்ப் பார்த்தார். பிறகு என்னிடம் அவர்கள் பேசியதை அப்படியே சொன்னார்.

"ஏன் சார், என்சைமுக்குத் தன் ஆளைத் தெரியும்னு சொன்னீங்களே?"

"தெரியும்மா. ஆனா அந்தத் தண்ணியில இருக்குற மாவு உடம்புக்குள்ள போய் உடையுது. உடைஞ்சா மால்டோஸ்னு ஒண்ணு வரும். ரெண்டு சர்க்கரை கை கோத்துட்டு நிக்கிற மாதிரி. நம்ம என்சைம் அதையும் சர்க்கரைன்னு நினைச்சுப் பிடிச்சிடுது."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். எந்தப் புரதமும் நூத்துக்கு நூறு கிடையாதும்மா. அதனாலதான பெட்டியில போட்டிருக்கோம். மால்டோஸைப் பிடிக்காத மாதிரி புரதத்துல ரெண்டு மூணு இடத்தை மாத்திப் புதுசா ஒண்ணு செஞ்சு வச்சிருக்கோம். சோதனை முடிஞ்சா அதுக்கு மாறிடுவோம்."

"அதுவரைக்கும்?"

"இருக்குற ஸ்டாக் போகணும்ல."

லேப் சார் கெட்டவர் இல்லை என்று அத்தை சொல்வார். கண் கலங்கிவிட்டாராம். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாராம். "நீங்க ஏம்மா பெட்டி இல்லாம எடுத்தீங்க?"

புகார் கொடுத்தால் கழிசலை எடுத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் வேலை போகும். வேலை போனால் மாமாவின் நீர்ப்பை நின்றுபோகும். பை நின்றால் மாமா இல்லை. அதனால் அத்தை வாயைத் திறக்கவில்லை. ஆனால் விஷயம் கேன்டீனிலிருந்து மேலே போய்விட்டது. கழிசலை உடனுக்குடன் அரைத்துத் தூளாக்க ஒரு மெஷின் வந்தது. யாருக்கும் இனி இலவச ஸ்டிரிப் இல்லை.

"உங்க வீட்டுக் கதையால எங்க அம்மாவுக்கு சுகர் பாக்க வழியில்லாமப் போச்சு" என்று கூட வேலை செய்கிற ஒரு பெண் முகத்துக்கு நேரே சொன்னார். மற்றவர்கள் சொல்லவில்லை. சாப்பிடும்போது அத்தை உட்கார்ந்த மேஜையில் இடம் காலியாக இருந்தும் வேறு மேஜைக்குப் போனார்கள். டப்பா மட்டும் வந்து உட்காருகிறார்.

அத்தை சூப்பர்வைசரிடம் ஒன்று கேட்டார். பெட்டியில் சிவப்பில் போட்டிருக்கும் அந்த வரியை ஒரு தாளில் எழுதிச் சொட்டு அறைச் சுவரில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். சூப்பர்வைசர் முடியாது என்றார். காகிதத்தில் தூசு இருக்கும், சொட்டு அறைக்குள் காகிதமே வரக் கூடாது. இது உண்மையான விதிதான். அத்தைக்கும் அது தெரியும்.

அதனால் புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்கிறார். அவர்கள் தலையாட்டிவிட்டுப் பூதக்கண்ணாடியில் குனிந்துகொள்கிறார்கள். அத்தையும் குனிந்துகொள்கிறார். முன்பு போலவே வளையம் கட்டிய சொட்டைத் தள்ளி, சமமாகப் படர்ந்த சொட்டை அனுப்புகிறார். "முன்ன நல்ல சொட்டைப் பாத்தா சந்தோஷமா இருக்கும்" என்றார் ஒரு நாள். "இப்ப பாக்கும்போது, நீ யாரு வீட்டுக்குப் போறியோன்னு இருக்கு."

மாமாவுக்கு இப்போது வேறு வகைப் புரதம் வைத்த, வேறு கம்பெனி ஸ்டிரிப். கடையிலிருந்து பெட்டியோடு வருகிறது. அத்தை ஒவ்வொரு பெட்டியையும் எல்லாப் பக்கமும் திருப்பிப் படித்த பிறகுதான் பிரிக்கிறார். விரலைக் குத்துவதற்கு முன் மாமாவிடம், "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். மாமாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் அத்தை அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அந்த என்சைம் மால்டோஸைப் பாத்துச் சர்க்கரைன்னு நினைக்குது. இவரு என்னைப் பாத்து நர்சுன்னு நினைக்கிறாரு. நான் செஞ்ச பொருள் மாதிரியே ஆயிட்டாரு." பிறகு சீப்பில் சிக்கிய முடியை எடுத்துப் போட்டுவிட்டு, "நீ எழுதுடி. நான் சொன்னா அந்த ரூமோட போச்சு. உனக்குத்தான் இப்ப வேற வேலை இல்லையே" என்றார்.

எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அதனால் எழுதிவிட்டேன்.

மாமா கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். போர்டும் லிஃப்டும் வேறு வேறு சொன்னால், காலை வைக்காமல் முதலில் எட்டிப் பார்க்க வேண்டும். வேர்த்து, நடுங்கி, சர்க்கரை வேண்டும் என்று ஒருவர் கேட்டால் முதலில் அதைக் கொடுத்துவிட்டு அப்புறம் எண்ணைப் பற்றிச் சண்டை போடலாம். கூடின சர்க்கரையைப் பிறகு இறக்கிக்கொள்ள முடியும். இதை நான் மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை யார் என்று கேட்டார்.

ஸ்டிரிப்பைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகத்தான் காட்டுகிறது. எல்லா ஸ்டிரிப்பிலும் ஒரே புரதம் இருப்பதும் இல்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது வயிற்றில் டயாலிசிஸ் நீர் விடுகிறவராக இருக்கலாம். அவர் வீட்டில் சர்க்கரையும் பார்க்கலாம். இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். "என் நீர்ப்பையில் என்ன இருக்கிறது, என் ஸ்டிரிப் மால்டோஸைச் சர்க்கரை என்று காட்டுமா?" என்று இரண்டு டாக்டர்களிடமும் கேட்கச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸில் வேலை செய்கிறவர் யாரையாவது தெரிந்தால் அவரிடமும் சொல்லுங்கள். என் அத்தை ஒரு அறைக்குள் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் வெளியே சொல்லுங்கள்.